தாளம் யார் கையில்? டிர்க் நோவிட்ஸ்கியின் ஆட்டம்



டல்லாஸ் நகரில், மேவரிக்ஸ் அணியின் அரங்க வாசலில் ஒரு சிலை நிற்கிறது. 2022 டிசம்பர் 25 அன்று திறந்தார்கள். ஏழடி உயர மனிதர் ஒற்றைக் காலை ஊன்றிப் பின்புறமாகச் சாய்கிறார். மறுகாலின் முழங்கால் மடங்கி முன்னே உயர்ந்திருக்கிறது. பந்து தலைக்கு மேலே, கை நீளும் எல்லையில் இருக்கிறது. கூடைப்பந்து கற்கும் எந்தப் பிள்ளைக்கும் இப்படி எறி என்று முதல் நாளில் சொல்லித்தர மாட்டார்கள். இரு கால்களையும் சமமாக ஊன்று, கூடைக்கு நேராகத் திரும்பு, நேர் மேலே எழும்பு, பிறகு எறி என்பார்கள். இந்தப் பாடத்தின் ஒவ்வொரு வரியையும் மீறிய ஒரு ஷாட், 21 பருவங்கள் என்.பி.ஏ.யில் ஆடிய ஒருவரின் அடையாளமாக வெண்கலத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. இன்று நான் பேசப்போவது அந்த ஷாட்டைப் பற்றியும், அதை எறிந்த டிர்க் நோவிட்ஸ்கி எதில் வல்லவர், எதில் வல்லவர் அல்ல என்பது பற்றியும்தான்.

நோவிட்ஸ்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு செய்திகளைச் சொல்வார்கள். உயரமான ஆள் ஒருவர் தூரத்திலிருந்து எறியக் கற்றுக்கொண்டு ஆட்டத்தை மாற்றினார் என்பது ஒன்று. பல முறை தோற்று, கடைசியில் 2011இல் பட்டம் வென்றார் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. ஆனால் அவருடைய ஆட்டங்களை வரிசையாகப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. பந்து எந்தக் கணத்தில் கையை விட்டுப் போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்ய முடிந்த இடங்களில் அவருக்கு இணையான ஃபார்வர்டு மிக அரிது. அந்தக் கணத்தை எதிராளி முடிவு செய்த இடங்களில் அவர் சாதாரண ஆட்டக்காரர், சில இரவுகளில் அதற்கும் கீழே. அவருடைய பலமும் பலவீனமும் வேறு வேறு இடங்களிலிருந்து வந்தவை அல்ல. இதைத்தான் நான் விளக்க முயலப்போகிறேன்.

முதலில் அவர் ஆடிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் கொண்ட அணியில் இருவர் ஃபார்வர்டுகள். அதில் பவர் ஃபார்வர்டு என்பவர் 1990களில் என்ன செய்தார்? கூடைக்கு அருகில் முதுகைக் காட்டி நிற்பார், பந்தை வாங்குவார், தோளால் தள்ளித் தள்ளி உள்ளே போவார். தவறிய பந்துகளுக்காகக் கீழே முட்டி மோதுவார். கார்ல் மலோனும் சார்ல்ஸ் பார்க்லியும் அந்தக் காலத்தின் பெரிய பெயர்கள். மலோனுக்கு நல்ல நடுத்தூர ஷாட் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த இடத்தின் மூலதனம் உடல் வலிமை. மூன்று புள்ளிக் கோடு நடுவில் 7.24 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே நின்று எறிவது குட்டையான, வேகமான கார்டுகளின் வேலை என்று எல்லாரும் நம்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பூர்க் நகரிலிருந்து இவர் வருகிறார். 1978இல் பிறந்தவர். அம்மா ஹெல்கா மேற்கு ஜெர்மனிக்காகக் கூடைப்பந்து ஆடியவர், அப்பா கைப்பந்தாட்டக்காரர். நான் சொல்வது நம் ஊர் வாலிபால் அல்ல, ஐரோப்பாவில் பெரிதாக ஆடப்படும் ஹேண்ட்பால். நோவிட்ஸ்கியும் சிறுவயதில் ஹேண்ட்பாலும் டென்னிஸும் ஆடினார். பிற்பாடு அவருடைய காலடிகளில் தெரியும் நேர்த்தியில் டென்னிஸுக்குப் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். பந்து வரும் இடத்துக்கு முன்னாலேயே காலை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் பழக்கம் அது.

பதின்வயதில் அவரைக் கண்டெடுத்தவர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனி கூடைப்பந்து அணியின் தலைவராக ஆடியவர், இயற்பியலும் கணிதமும் படித்தவர். இவருடைய பயிற்சி முறையைப் பற்றிப் பல கதைகள் உண்டு. எடை தூக்கும் பயிற்சிக்குப் பதிலாகப் படகு வலிக்கச் சொன்னார். புத்தகம் படிக்க வைத்தார், இசைக்கருவி கற்கச் சொன்னார். சாக்ஸஃபோன் கலைஞர் ஒருவரைப் பயிற்சிக் கூடத்துக்கே அழைத்து வந்து வாசிக்கச் செய்து, அந்தத் தாளத்துக்குப் பையன்களை ஆடவும் எறியவும் வைத்தார். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் அதன் பின்னால் ஒரு தெளிவான கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். கூடையின் வளையம் 45.7 சென்டிமீட்டர் அகலம், பந்து ஏறக்குறைய 24. அதாவது வளையம் பந்தைப் போல இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இந்த இடம் முழுவதும் பந்துக்குக் கிடைப்பதில்லை. குடத்தின் வாயை நேர் மேலிருந்து பார்த்தால் முழு வட்டமாகத் தெரியும். பக்கத்தில் குனிந்து பார்த்தால் ஒடுங்கிய கீற்றாகத் தெரியும். பந்தும் அப்படித்தான் வளையத்தைப் பார்க்கிறது. தட்டையாக வரும் பந்துக்கு வாய் சிறியது, உயர்ந்து வளைந்து இறங்கும் பந்துக்கு வாய் பெரியது. 32 பாகைக்கும் குறைவான சாய்வில் வரும் பந்து விளிம்பைத் தொடாமல் உள்ளே போகவே முடியாது. ஆக, உயர்ந்த வளைவு வேண்டும். ஆனால் வளைவை ரொம்பவும் உயர்த்தினால் விசை கூட வேண்டும், விசை கூடினால் பிழை கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஏழடி உயரமும் நீண்ட கைகளும் உள்ள இந்தக் குறிப்பிட்ட பையனுக்கு எது பொருத்தம் என்பதை கெஷ்விண்ட்னர் கணக்கிட்டு, அந்த ஒரு வளைவுக்காகவே அவருடைய முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், பாதம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார்.

இதன் விளைவைக் கவனியுங்கள். பந்து தலைக்கு மேல் வெகு உயரத்திலிருந்து புறப்படுகிறது. அதற்கு மேலும் உயர்ந்து செல்கிறது. எதிரே நிற்பவரின் கை அந்தப் பாதையில் குறுக்கிடவே வாய்ப்பில்லை. அப்படியானால் எதிராளியை வேகத்தில் முந்த வேண்டிய அவசியம் இல்லை. மற்ற ஆட்டக்காரர்கள் எதிராளியைக் கடந்துபோய் எறிகிறார்கள். நோவிட்ஸ்கி எதிராளிக்கு முன்னால் நின்றே எறிகிறார். அவருக்குத் தேவை சமநிலையும் தாளமும்தான். அதற்காகத்தான் சாக்ஸஃபோன்.

1998 மார்ச்சில் சான் அன்டோனியோவில் நடந்த ஹூப் சம்மிட் ஆட்டத்தில் அமெரிக்க இளைஞர்களுக்கு எதிராக 33 புள்ளிகளும் 14 ரீபவுண்டுகளும் எடுத்தார். அதுவரை ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த பையன். அந்த ஆண்டு, அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், மில்வாக்கி அணி அவரை 9ஆவதாக எடுத்து, ராபர்ட் டிரெய்லருக்கு ஈடாக டல்லாஸுக்குக் கொடுத்துவிட்டது. டல்லாஸில் டான் நெல்சன் பயிற்றுநராகவும் மேலாளராகவும் இருந்தார். அதே நாளில் அவர் பீனிக்ஸிலிருந்து ஸ்டீவ் நாஷையும் கொண்டுவந்தார். ஒரே நாளில் இந்த இரண்டு பேரை வாங்கிய அணி என்.பி.ஏ. வரலாற்றில் வேறு எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் பருவம் மோசமாகப் போனது. அணி உரிமையாளர்களின் கதவடைப்பால் சுருங்கிய பருவம் அது. சராசரி 8.2 புள்ளிகள். தூரத்திலிருந்து எறிந்த பந்துகளில் ஐந்தில் ஒன்றுதான் விழுந்தது. வலிமையான ஃபார்வர்டுகள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அடுத்த பருவத்தில் 17.5, அதற்கடுத்ததில் 21.8. எதிராளிகளின் உடல் வலிமையை ஈடுகட்டிவிட்டாரா என்றால் இல்லை. அவர்களைத் தனக்கு வசதியான இடத்துக்கு இழுத்து வரக் கற்றுக்கொண்டார்.

இந்த இழுத்தல் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழடி ஆள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றால், அவரைக் காக்கும் உயரமான ஆளும் கூடையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் பந்து மேலே பறந்து உள்ளே விழும். வந்துவிட்டால் கூடையடியில் காவலுக்கு ஆள் குறையும். நாஷ் பந்தைத் தட்டிக்கொண்டு வருவார். நோவிட்ஸ்கி அவருடைய காவலாளியின் வழியில் போய்த் திரையாக நிற்பார். வழக்கமான பவர் ஃபார்வர்டு திரை போட்டபின் கூடையை நோக்கி உருள்வார். இவர் எதிர்த்திசையில், கோட்டை நோக்கிப் பின்வாங்குவார். இரண்டு காவலாளிகளும் ஒரு நொடி குழம்பினாலே போதும். மைக்கேல் ஃபின்லியும் சேர்ந்த இந்த மூவர் கூட்டணி டல்லாஸைத் தலைநிமிர வைத்தது. 2000-01 தொடங்கி 2010-11 வரை, தொடர்ந்து 11 பருவங்களில் டல்லாஸ் குறைந்தது 50 ஆட்டங்களை வென்றது. உடன் ஆடியவர்களும் பயிற்றுநர்களும் மாறினார்கள். மாறாதவர் இவர் ஒருவர்தான்.

பலங்களில் இன்னும் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, ஃப்ரீ த்ரோ. ஏழடி ஆட்கள் பலர் ஃப்ரீ த்ரோ கோட்டில் தடுமாறுவார்கள், அவர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்வது எதிரணிக்கு ஒரு தந்திரமாகவே இருந்தது. நோவிட்ஸ்கியின் வாழ்நாள் சராசரி 87.9 சதவீதம். கோட்டில் நிற்கும்போது வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். யாரும் தொட முடியாத, முழுக்க முழுக்கத் தன் தாளத்தில் எறியக்கூடிய ஒரே ஷாட் அது என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, அவர் பந்தை இழப்பதில்லை. ஒரு அணியின் தாக்குதல் முழுவதும் தன் கையால் நடக்க, ஆட்டத்துக்கு 1.6 முறை மட்டுமே பந்தைப் பறிகொடுத்தார். தட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழையாதவர் என்பதால் இது வாய்த்தது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் டல்லாஸின் வெற்றிகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இனி பலவீனங்கள். ரசிகராக இருந்தாலும் இதை மழுப்பக் கூடாது.

தடுப்பாட்டத்தில் அவர் ஒருபோதும் சிறந்தவர் அல்ல. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் சிறந்த தடுப்பாட்ட அணியில் ஒரு முறைகூட அவர் பெயர் இல்லை. அதே தலைமுறையின் மற்ற இரண்டு பெரிய பவர் ஃபார்வர்டுகளான டிம் டங்கனும் கெவின் கார்னெட்டும் அந்தப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் இடம்பெற்றவர்கள். நோவிட்ஸ்கியின் பக்கவாட்டு அடிகள் மெதுவானவை. வேகமான கார்டு ஒருவர் திரையைப் பயன்படுத்தித் தன்னை நோக்கி வந்தால், எந்தத் திசையில் போவார் என்று ஊகிப்பதற்குள் அவர் கடந்து போயிருப்பார். தடுப்பாட்டம் என்பது அடுத்தவன் தொடங்கும் அசைவுக்குப் பதில் சொல்வது. அங்கே தாளம் எதிராளியுடையது. தன் அசைவைத் தானே தொடங்கும்போது அத்தனை அழகாக இருந்த அதே கால்கள், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தாமதித்தன.

எதிரணிக் கூடையின் கீழ் ரீபவுண்ட் எடுப்பதிலும் இதே கதைதான். தன் பக்கத்துக் கூடையின் கீழ் அவர் நல்ல ரீபவுண்டர், இடத்தைப் பிடித்து நின்று பந்தைப் பறித்துவிடுவார். எதிர்ப்பக்கத்திலோ ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்று. வெளியே நின்று எறிபவர் உள்ளே போய் மோத முடியாது என்பது நியாயமான விளக்கம்தான். ஆயினும் ஏழடி ஆளிடமிருந்து அணிக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒன்று கிடைக்கவில்லை. பந்தை மற்றவருக்குத் தருவதிலும் அவர் கச்சிதமானவர், அவ்வளவே. ஆட்டத்துக்கு 2.4 அசிஸ்ட் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. இருவர் சூழ்ந்தால் சரியான ஆளுக்குக் கொடுப்பார். அந்தச் சரியான ஆளைத் தன் பார்வையாலேயே உருவாக்கும் கலை அவருக்கு இல்லை.

2006 இறுதிச் சுற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள். மயாமிக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களை டல்லாஸ் வென்றது, பிறகு தொடர்ந்து நான்கைத் தோற்றது. மூன்றாம் ஆட்டத்தின் முடிவில், 3.4 வினாடி மீதமிருக்க, சமன் செய்திருக்கக்கூடிய ஒரு ஃப்ரீ த்ரோவை நோவிட்ஸ்கி தவறவிட்டார். அவர் மனவலிமை அற்றவர் என்ற பேச்சு அங்கே தொடங்கியது. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அதே ஆண்டு சான் அன்டோனியோவின் அரங்கில், அந்த அணிக்கு எதிரான பிளே ஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 37 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் எடுத்து, கடைசி நிமிடத்தில் ஃபவுலோடு சேர்த்துக் கூடை போட்டு ஆட்டத்தைக் காப்பாற்றியவரும் இவர்தான்.

பாடம் இருக்கும் இடம் 2007. அந்தப் பருவத்தில் டல்லாஸ் 82இல் 67 ஆட்டங்களை வென்றது. நோவிட்ஸ்கி களத்தில் 50, மூன்று புள்ளியில் 40, ஃப்ரீ த்ரோவில் 90 என்ற மூன்று சதவீத எல்லைகளையும் ஒரே பருவத்தில் தாண்டினார். லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான், ஐரோப்பியர் ஒருவருக்கு முதல் முறையாக. ஆனால் விருது கைக்கு வருவதற்கு முன்பே அணி வெளியேறிவிட்டது. பிளே ஆஃப் முதல் சுற்றில், எட்டாவது இடத்திலிருந்து வந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் டல்லாஸை 4-2 என வீழ்த்தியது.

வாரியர்ஸின் பயிற்றுநர் யார் தெரியுமா? டான் நெல்சன். நோவிட்ஸ்கியை டல்லாஸுக்குக் கொண்டுவந்து வளர்த்தெடுத்த அதே நெல்சன். எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு வரும், எந்தப் பக்கம் திரும்ப அவருக்கு வசதி, எங்கே பந்து வாங்கினால் தொந்தரவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உயரத்துக்கு உயரம் என்று அவர் போகவில்லை. ஸ்டீஃபன் ஜாக்சன், மேட் பார்ன்ஸ் போன்ற, நோவிட்ஸ்கியைவிடச் சில அங்குலம் குறைந்தாலும் வேகமும் முரட்டுத்தனமும் உள்ளவர்களை அவர்மேல் ஏவினார். அவர்கள் ஷாட்டைத் தடுக்க முயலவே இல்லை, அது முடியாது என்று நெல்சனுக்குத் தெரியும். அவர்கள் தடுத்தது ஷாட்டுக்கு முந்தைய அசைவை. இடுப்புக்குக் கீழே ஒட்டி நின்றார்கள். பந்தைக் கீழே இறக்கினால் தட்டினார்கள். பந்து வாங்கும் இடத்தை இரண்டு மூன்று அடி வெளியே தள்ளினார்கள். அவர் திரும்பும் கணத்தில் இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து ஓடி வந்தார். எங்கிருந்து வருவார் என்று முன்கூட்டித் தெரியாதபடி ஒவ்வொரு முறையும் வேறு திசை. அப்போது நோவிட்ஸ்கி பெரும்பாலும் பக்கவாட்டில், கோட்டுக்கு அருகே பந்து வாங்குவார். அங்கே பின்னால் எல்லைக்கோடு, முன்னால் ஒருவர், பக்கத்தில் இன்னொருவர். களத்தின் பாதியைத்தான் அவரால் பார்க்க முடியும். ஆறாவது ஆட்டத்தில் 13 முறை எறிந்து இரண்டுதான் விழுந்தன. மொத்தம் 8 புள்ளிகள்.

குட்டையான ஒருவர் காவலுக்கு வந்தால் அவரை முதுகால் தள்ளிக்கொண்டு கூடையடிக்குப் போய்விட வேண்டாமா என்று அன்று எல்லாரும் கேட்டார்கள். சரியான கேள்வி. அதைச் செய்யும் முறையான ஆட்டம் அன்று அவரிடம் முழுதாக இல்லை. வெளியிலிருந்து எறிவார், தட்டிக்கொண்டு நேராக ஓடுவார், இடையில் இருக்கும் இடத்தில் அவர் பிடி தளர்ந்தது. தோல்விக்குப் பிறகு கெஷ்விண்ட்னருடன் ஆஸ்திரேலியா போய்ச் சில வாரங்கள் சுற்றித் திரிந்தார். திரும்பி வந்தபின் கட்டியெழுப்பிய ஆட்டத்தைத்தான் நாம் இன்று அவர் பெயரோடு சேர்த்து நினைக்கிறோம்.

அது ஒரே நாளில் வரவில்லை. 2008இல் ரிக் கார்லைல் பயிற்றுநராக வந்தபின் நோவிட்ஸ்கி பந்து வாங்கும் இடம் மெல்ல மாறியது. பக்கவாட்டிலிருந்து நடுவுக்கு, ஃப்ரீ த்ரோ கோட்டை ஒட்டிய பகுதிக்கு வந்தார். இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். நடுவில் நிற்பவருக்கு இரு பக்கமும் சமமாகத் தெரியும். இரண்டாவது காவலாளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அவர் விட்டுவிட்டு வந்த ஆள் கண்ணெதிரே காலியாக நிற்பார். எதிரணி அவரைச் சூழ்வதற்கு முன் யோசிக்க வேண்டியதாயிற்று. பந்தை வாங்கியபின் நோவிட்ஸ்கி நின்றார், பார்த்தார், முகத்தைக் காட்டினார், தோளைக் காட்டினார். எப்போது எறிவது என்ற முடிவு மீண்டும் அவர் கைக்கு வந்தது.

ஒற்றைக்கால் ஷாட் இந்த இடத்துக்குத்தான் பொருத்தமானது. இடுப்புக்குள் ஒட்டி நிற்கும் குட்டையான காவலாளியை என்ன செய்வது? இரு கால்களையும் ஊன்றி எழும்பினால் அவர் கூடவே எழும்புவார், பந்து மேலே போகும் வழியில் கையைத் தட்டுவார். ஒற்றைக் காலில் திரும்பிப் பின்னால் சாய்ந்தால், உயர்ந்த முழங்கால் இருவருக்கும் நடுவே ஒரு வெளியை உண்டாக்குகிறது. காவலாளி அந்த வெளியைக் கடந்து வந்தால் ஃபவுல். வராவிட்டால் பந்து தலைக்கு மேல் போய்விடும். அதைவிட முக்கியம், இரு கால் ஊன்றும் அந்த அரை நொடியே இங்கே இல்லை. ஷாட் எப்போது தொடங்குகிறது என்பதற்கு எதிராளிக்கு முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. 2007இல் ஜாக்சன் திருடியது எந்தக் கணத்தையோ, அந்தக் கணத்தையே இந்த ஷாட் இல்லாமல் செய்துவிட்டது. உடல் பின்னால் போகும்போது கையின் விசையும் பந்தின் வளைவும் மாறாமல் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில், ஆட்டமில்லாத மாதங்களிலும் கெஷ்விண்ட்னருடன் எறிந்து பழகியவருக்கே அது கைகூடும்.

2011 பிளே ஆஃபில் இதன் முழு விளைச்சலைப் பார்த்தோம். ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவரைக் காக்க செர்ஜ் இபாகா, நிக் காலிசன், கெவின் டுரான்ட் என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். உயரமானவர், கனமானவர், வேகமானவர், எல்லா வகையும் முயன்று பார்த்தார்கள். 15 முறை எறிந்து 12 விழுந்தன. ஃப்ரீ த்ரோ 24க்கு 24. மொத்தம் 48 புள்ளிகள். ஒருவரையும் முந்தி ஓடாமல் எடுத்தவை பெரும்பாலும்.

இறுதிச் சுற்றில் மீண்டும் மயாமி. லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிரிஸ் பாஷ். முதல் ஆட்டத்தில் நோவிட்ஸ்கியின் இடது கை நடுவிரல் தசைநார் கிழிந்தது. இரண்டாம் ஆட்டத்தில் ஏழு நிமிடம் மீதமிருக்க டல்லாஸ் 15 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து மீண்டு வந்து, அணியின் கடைசி 9 புள்ளிகளையும் நோவிட்ஸ்கியே எடுத்தார். வெற்றிக் கூடையை, பாஷைத் தாண்டிப் போய், அடிபட்ட அந்த இடது கையாலேயே வைத்தார். நான்காம் ஆட்டத்தைக் காய்ச்சலோடு ஆடினார். தொடர் முழுவதும் 46 ஃப்ரீ த்ரோக்களில் தவறியது ஒன்றே ஒன்று. ஐந்தாண்டுக்கு முன் 3.4 வினாடியில் தவறியதை வைத்து அவர் மனதை எடைபோட்டவர்கள் இந்த எண்ணையும் எடைபோட வேண்டும்.

ஆனால் எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியம் ஆறாவது ஆட்டம். முதல் பாதியில் 12 முறை எறிந்து ஒன்றுதான் விழுந்தது. 2007 ஆறாவது ஆட்டத்தின் கணக்கை நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதேதான். ஜேசன் டெர்ரி அந்தப் பாதியில் அணியைத் தாங்கினார். இரண்டாம் பாதியில் நோவிட்ஸ்கி எதையும் மாற்றவில்லை. அதே இடம், அதே திரும்பல், அதே வளைவு. 18 புள்ளிகள் வந்தன. டல்லாஸ் 105-95 என வென்று முதல் பட்டத்தை எடுத்தது. 2007இல் ஷாட் எறியும் நிலைக்கே அவர் வர முடியாமல் தடுக்கப்பட்டார். 2011இல் தான் விரும்பிய ஷாட்டை விரும்பிய இடத்திலிருந்து எறிந்து தவறவிட்டார். எண்கள் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. தன் ஷாட்டை எறிந்து தவறவிடுகிறவர் தொடர்ந்து எறியலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவருடைய தடுப்பாட்டப் பலவீனம் 2011இல் மறைந்துவிடவில்லை. 32 வயதில் கால்கள் இன்னும் மெதுவாகியிருந்தன. டல்லாஸ் அதை மறைக்கத் தெரிந்துகொண்டது, அவ்வளவுதான். 2010 கோடையில் டைசன் சாண்ட்லர் வந்தார். கூடையடியை அவர் பார்த்துக்கொண்டார். அடுத்த பருவத்தில் வேறொரு அணிக்குப் போய் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதே வாங்கினார். எதிரணியின் ஆபத்தான ஃபார்வர்டை ஷான் மேரியன் ஏற்றுக்கொண்டார். கார்லைல் அடிக்கடி மண்டலத் தடுப்பாட்டம் ஆடவைத்தார். ஆளை ஆள் துரத்தாமல் இடத்தைக் காக்கும் அந்த முறையில் நோவிட்ஸ்கியின் உயரம் பயன்பட்டது, வேகக் குறைவு வெளியே தெரியவில்லை. லீகில் இந்த முறை அனுமதிக்கப்பட்டதே 2001-02 பருவத்தில்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு ஆட்டக்காரரின் குறையைத் திட்டித் தீர்ப்பதற்குப் பதிலாக, அதற்கு ஏற்ற நால்வரைச் சுற்றி நிறுத்தியவர்கள் அந்த அணியைக் கட்டியவர்கள். அவர்களுக்குரிய புகழ் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

பிற்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2012இல் முழங்கால் அறுவை சிகிச்சை, பிறகு கணுக்கால். பட்டம் வென்ற அணி கலைந்தது. அவர் டல்லாஸை விட்டுப் போகவில்லை. 2019இல் ஓய்வு பெற்றபோது 31,560 புள்ளிகளுடன் லீகின் வரலாற்றில் ஆறாவது இடத்தில் இருந்தார்.

இன்றைய உயரமான ஆட்டக்காரர்கள் எல்லாருமே தூரத்திலிருந்து எறிகிறார்கள், அவர்களுக்கெல்லாம் இவர்தான் முன்னோடி என்பார்கள். பாதிதான் சரி. அவரிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்று புள்ளி ஷாட்டை. அவருடைய ஆட்டத்தின் உயிர் இருந்ததோ நடுத்தூரத்தில், ஃப்ரீ த்ரோ கோட்டை ஒட்டிய அந்தச் சில அடிகளில். இன்றைய அணிகளின் கணக்கு அந்த இடத்தைப் பயனற்றது என்று ஒதுக்குகிறது. அதை உண்மையில் பெற்றுக்கொண்டவர்கள் சிலரே. டுரான்ட் ஒற்றைக்கால் ஷாட்டைத் தன் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். செர்பியாவின் நிகோலா யோகிச்சும் ஒற்றைக்காலில் சாய்ந்து எறிகிறார், நோவிட்ஸ்கியைப் போலவே வேகம் இல்லாதவர், எப்போது எறிவது என்பதை யாரும் ஊகிக்க முடியாதவர்.

இங்கே பயிற்றுநர்களும் ஆடும் பிள்ளைகளும் வந்திருக்கிறீர்கள். 2007 வாரியர்ஸ் தொடரின் ஆறாவது ஆட்டத்தையும், 2011 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், விழுந்ததா தவறியதா என்று எண்ணாதீர்கள். பந்து கைக்கு வரும்போது நோவிட்ஸ்கியின் பாதங்கள் எங்கே இருக்கின்றன, அடுத்த அசைவை முதலில் தொடங்குவது அவரா, எதிரே நிற்பவரா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதில் உங்களுக்கு மாறுபாடு இருந்தால் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு பேசலாம். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன்.